சரஸ்வதி பூஜையன்று சோட்டு

மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது, மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, தூத்துக்குடியில் பொறுப்பான உத்தியோகம் பார்க்கிறார். ஆனாலும் என் பிறந்த நாளுக்கு அவர் கைபேசியில் அனுப்பும் வாழ்த்தில் பூவோ பிள்ளையாரோ இருப்பதில்லை. தோளில் இரண்டு பீரங்கி, முழங்காலில் இரண்டு, முதுகில் ஏவுகணைப் பெட்டி என்று சர்வ ஆயுதங்களோடு ஒரு குட்டி ரோபோ நின்றுகொண்டிருக்கும். அதன் பெயர் சோட்டு, இந்தியில் பொடியன். பெயர் வைத்தவர்கள் எங்கள் தில்லிக் காலனிப் பிள்ளைகள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை நாங்கள் யாரும் மதித்ததில்லை.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆளுக்கொரு ராட்சத ரோபோவை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கி, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவனுடைய ராட்சத ரோபோவைச் சுட வேண்டும். எல்லாம் குதுப்மினார் உயரம். சோட்டு மட்டும் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் உயரம்தான். அந்தக் குறையை ஈடுகட்ட நினைத்தார்களோ என்னவோ, பெரிய ரோபோக்களுக்குக்கூட இல்லாத அளவுக்கு அதன் உடம்பில் இடம் விடாமல் துப்பாக்கிகளைச் செருகியிருந்தார்கள். அத்தனையையும் ஒரே நேரத்தில் சுட்டால் சோட்டுவே நிலைகொள்ளாமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே அதன் மேல் உயிரை விடுகிறவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். ஜெயிக்க வேண்டும் என்கிறவன் பெரிய ரோபோவை எடுப்பான், ஆசைப்பட்டவன் சோட்டுவை எடுப்பான். எங்கோ பனி பெய்கிற தேசத்தில் ஒரு பெண் ஸ்வெட்டரில் சோட்டுவைப் பின்னிப் போட்டுக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்து, எனக்கும் அது வேண்டும் என்று அம்மாவை அரித்தெடுத்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. மத்திய போலீஸ் படையில் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்காக ஊரிலிருந்து தில்லிக்கு வந்தவர். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். உடல் தகுதித் தேர்வில், அளவுகோலை வைத்துப் பார்த்தபோது உயரம் ஒரு விரல்கடை குறைந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டு உள்அறையில் படுத்தவர், அதன் பிறகு சரியாக எழுந்திருக்கவே இல்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. தட்டில் சோற்றைப் பிசைவார், பிசைந்ததை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். ஊரிலிருந்து போன் வந்தால் அம்மா, நன்றாக இருக்கிறான், தூங்குகிறான் என்று மட்டும் சொல்வாள். தூங்குவது மட்டும் உண்மை.

அந்த நாட்களில் அம்மா சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போவதென்றால் முதலில் என்னைப் பிடித்து உட்காரவைப்பாள். "ஏட்டி, நான் வார வரைக்கும் மாமாகூடயே இருக்கணும். எங்கயும் எந்திரிச்சுப் போயிராத." கீழே போய் நான் விளையாடிவிடக் கூடாது என்பதற்காக அவள் கண்டுபிடித்த வழி இது என்று நினைத்து உம்மென்று இருப்பேன். எனக்கு எட்டு வயது, எல்லாச் சதியும் எனக்கு எதிரானதுதான்.

கம்ப்யூட்டர் அந்த அறையில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பையன் வந்து விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் விளையாடுவோம். ஒரு நாள் சோட்டு எல்லாத் துப்பாக்கியையும் சுட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தபோது, பின்னாலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமா சிரித்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்று பார்த்தாள். என்னைத் திட்ட வந்தவள் திட்டாமல் திரும்பிப் போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன் பிறகு மாமா எங்களோடு உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்தவர் சீக்கிரமே எங்கள் குழுவுக்குத் தலைவராகிவிட்டார். அவருடைய இந்தியை வைத்துக்கொண்டு தில்லியில் கொத்தமல்லி வாங்க முடியாது, ஆனால் போர் நடத்த முடிந்தது. "பீச்சே ஆவோ, ஜல்தி, ஜல்தி" என்பார், காலனியின் அத்தனை சோட்டுக்களும் பின்வாங்கும். பஞ்சாபிப் பையன் அவரை மாமாஜி என்று கூப்பிடுவான். விளையாடும் வரைக்கும் அவர் மனிதர். கம்ப்யூட்டரை அணைத்ததும் மறுபடியும் கட்டில், மறுபடியும் சுவர்.

இந்த நிலைமையில்தான் கம்பெனி அந்த அறிவிப்பை வெளியிட்டது. இவ்வளவு சின்ன உருவம் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே அதை விளையாட்டிலிருந்து எடுத்துவிடப்போகிறோம் என்று. மாமா அதை வாசித்தார், மறுபடியும் வாசித்தார். "இவனுக்கும் ஹைட் பத்தலையாம்" என்று சொன்னார். அன்றைக்குத் தட்டின் முன்னால்கூட வந்து உட்காரவில்லை.

சோட்டுவை விரும்பியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நாளைக் குறித்தார்கள். உலகம் முழுக்க எல்லாரும் அன்றைக்குச் சோட்டுவோடு மட்டும்தான் களத்தில் இறங்க வேண்டும், அந்தக் கூட்டத்தைப் பார்த்தாவது கம்பெனி மனம் மாற வேண்டும் என்று ஏற்பாடு. நம் நேரப்படி சாயங்காலம். தில்லிக் கூட்டத்தை நடத்துவது மாமா. அந்தப் பொறுப்பு வந்த அன்றைக்கே அவர் சவரம் செய்துகொண்டார். நாங்கள் நாளை எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர, எங்களில் ஒருவரும் தமிழ்க் காலண்டரைப் பார்க்கவில்லை.

குறித்த நாள் காலையில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அறைக்குள் வந்து கம்ப்யூட்டர் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சரஸ்வதி பூஜை.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை என்றால் விளையாட்டில்லை. புத்தகம், அப்பாவின் பேனா, அம்மாவின் தையல் மிஷின், அரிவாள்மணை, எல்லாம் முன் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். மறுநாள் காலையில் மறுபூஜை செய்து, வைத்ததை வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திய பிறகுதான் தொடலாம். அதுவரை ஓர் எழுத்து வாசிக்கக் கூடாது. வருஷம் முழுக்கப் படி படி என்று கெஞ்சினாலும் படிக்காத எனக்கு, அன்றைக்கு மட்டும் பருப்புப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூட வாசிக்கத் தோன்றும். இந்தப் பட்டியலில் கம்ப்யூட்டரும் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாமா எழுந்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சோட்டு படம் ஒன்றை அச்செடுத்து வைத்திருந்தேன். ஆயுதம் இருக்கிறவர்களுக்கெல்லாம் பொட்டு உண்டென்றால் இவனுக்கும் வை என்று நீட்டினேன். அம்மா மறுக்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடிப்பதற்குள் கிண்ணம் காலியாகி, தையல் மிஷினுக்கு வெறும் குங்குமம்தான் கிடைத்தது.

மத்தியானம் வடை, பாயசம் என்று இலை போட்டாள். மாமா வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டாள், அப்பா போய்க் கூப்பிட்டார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். என்னைக் கூப்பிட அனுப்பினார்கள். நான் பக்கத்தில் போய் நின்றபோது அவர் தூங்கவில்லை என்பது தெரிந்தது. கண் திறந்திருந்தது. எனக்கு ஏனோ பயமாக இருந்தது. திரும்பி வந்து, மாமா தூங்குகிறார் என்று சொன்னேன்.

வெயில் தாழ்ந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். "மாமாஜி, ஜல்தி. சப் ஆ கயே." எல்லாரும் வந்துவிட்டார்களாம். மாமா எழுந்து வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் சரஸ்வதி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். கும்பிட்டாள். குனிந்து, இரண்டு கையாலும் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடித்து ஒரு சாண் நகர்த்தினாள்.

அப்பா செய்தித்தாள் வாசிக்கக் கூடாத நாளென்பதால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மத்திய அமைச்சகத்தில் விதி தவறாமல் கோப்பு பார்க்கிறவர். "மறுபூஜை நாளைக்குல்லா?" என்றார்.

"அவளுக்குப் புரியும். ஒங்களுக்குத்தான் புரியாது" என்று அம்மா சரஸ்வதி படத்தைக் காட்டினாள்.

அப்பா பெட்டியைப் பார்த்தார். உள்அறைப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீ தெக்க நகத்தியிருக்க. வடக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லி, எழுந்து வந்து தானும் ஒரு கை கொடுத்தார். அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏல, எந்திரி. பூஜை முடிஞ்சிட்டு."

நெற்றியில் சந்தனத்தோடு அந்தக் கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் நாங்கள் பார்த்ததை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. களம் முழுக்கச் சோட்டு. மேட்டிலும் பள்ளத்திலும் சோட்டு. எதிரிகள் என்று யாரும் இல்லை, எதிர்ப்பக்கமும் சோட்டுதான். எந்தச் சோட்டுவும் இன்னொரு சோட்டுவைச் சுடவில்லை. மாமா மைக்கில், "சப் லோக், ஊப்பர்" என்றார். அத்தனை குட்டி ரோபோக்களும் எல்லாத் துப்பாக்கிகளையும் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, ஒரே நேரத்தில் தொப்பென்று பின்னால் உட்கார்ந்தன. மாமா சிரித்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்து, "யக்கா, வடை இருக்கா?" என்றார்.

அம்மா ஆறின வடையைத் திரும்பவும் எண்ணெயில் போட்டுச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சில நாட்களில் கம்பெனி இறங்கி வந்தது, சோட்டு பிழைத்தது. சரஸ்வதிக்கும் சோட்டுவைப் பிடித்துப்போய்விட்டது என்று நான் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குள் மாமா குளித்து, சட்டை மாற்றி, வேறொரு பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்.

அந்த வாரம்தான் அம்மா மொட்டை மாடிக் கதவின் பூட்டைத் திறந்தாள். மாமா உடல் தகுதித் தேர்விலிருந்து திரும்பி வந்த மறுநாள் போட்ட பூட்டு. குரங்குத் தொல்லை என்று அப்போது சொல்லியிருந்தாள். சாவி அவள் தாலிச் சரட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் துணியெல்லாம் பால்கனியில் காய்ந்து ஈர வாடை அடித்தது.

"குரங்கெல்லாம் போயிட்டாம்மா?"

"போயிட்டுட்டி" என்றாள். ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

நான் அவளை முந்திக்கொண்டு மேலே ஓடினேன். தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு குரங்குகள் சாவகாசமாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. பதறிப்போய்க் காட்டினேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லிவிட்டு, கொடியில் மாமாவின் சட்டையை உதறி விரித்தாள். குரங்கு இருக்கும்போதே பூட்டைத் திறந்துவிட்டாளே, அம்மாவுக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.