தலையாட்டியதால் வந்த போட்

யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவது என் பழக்கம். வாயைத் திறந்து பதில் சொல்வதைவிட அது சுலபம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றேன். அங்கே வாய் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடலாம். வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில்தான் இந்தத் தலையாட்டல் என்னை ஒரு போட்டுக்குச் சொந்தக்காரி ஆக்கியது.

என் வீட்டுக்காரரின் ஊர் குன்னத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. ஊர்க் குளத்துக்கு நடுவில் ஒரு மண் திட்டு. அதில் ஏழு கன்னிமார் கல். வருஷத்துக்கு ஒரு குடும்பமாக ஒன்பது குடும்பத்துக்கு முறை. முறை வந்த வீட்டுப் பொம்பளை தன் கையால் அந்தத் திட்டில் பொங்கல் வைக்க வேண்டும். அவளால் ஆகாவிட்டால் அடுத்த குடும்பம் வைக்கும். விட்டவள் இன்னும் ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். மாமியார் இருந்தவரை அவர் வைத்தார். அவர் போனபின் வந்த முறைக்கு நான் கால் ஒடிந்து கட்டோடு கிடந்தேன். அடுத்த முறைக்காரி என் கொழுந்தனார் சம்சாரம், அவள் வைத்தாள். மறுபடி முறை வந்தபோது எனக்கு அறுபத்து மூன்று. இதையும் விட்டால் எழுபத்திரண்டு. கன்னிமார் இருப்பார்கள், நான் இருக்க வேண்டுமே.

பத்துப் பதினைந்து வருஷமாகத் திட்டுக்கு நடந்தேதான் போய் வந்தோம். குளம் அப்படிக் காய்ந்து கிடந்தது. அந்த வருஷம் பெய்த மழையில் தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. ஊர்க்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "பவானிப் பக்கம் சொல்லிப் பரிசல் கொண்டாந்தறலாமுங்களா? இல்ல, போட்டு கீட்டுன்னு உங்க பக்கமே ஏதாச்சும் ஏற்பாடு இருக்குதுங்களா?" என்று கேட்டார். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. தெரிந்ததைச் செய்தேன்.

"அப்பறமென்ன, போட் இருக்குதாமா. பரிசல்காரருக்கு வேண்டாம்னு சொல்லீரு" என்று பெரியவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

மொபெட்டில் திருப்பூருக்குத் திரும்பினோம். பாதி வழியில் என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஏம்புள்ள, நம்மகிட்ட போட் இருக்குதா?"

மறுபடியும் தலை ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் கொழுந்தனார் சம்சாரம் செல்போனில் கூப்பிட்டாள். செல்போன் வந்த புதுசு. அவளுக்கு யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஏனுங்க்கா, போட்லயே வர்றீங்களாமா! எங்க நிறுத்தி வெச்சிருக்கறீங்க, நொய்யல்லயா?" என்று சிரித்தாள். எங்கள் நொய்யல் ஆற்றில் அப்போது ஓடியது சாயத் தண்ணீர். "நீங்க செரமப்படாதீங்க்கா. முடியலைன்னா சொல்லுங்க, நான் பரிசல் புடிச்சுட்டுப் போயி வெச்சுக்கறேன்."

'இல்லீங்க, போட் கிடையாதுங்க' என்று ஊரில் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் போட் தேடுவதே மேல் என்று எனக்குப் பட்டது. என் புத்தி அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த கம்பெனியின் பின்பக்கம் ஒரு ஃபைபர் போட் கிடந்தது நினைவுக்கு வந்தது. முதலாளி தன் தோட்டத்துத் தொட்டியில் விட என்று எந்தக் காலத்திலோ வாங்கி வந்தது. கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை அதில்தான் போட்டு வைப்பார்கள். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார். "தாராளமா எடுத்துட்டுப் போங்க, எலி குட்டி போட்டிருக்குது, பார்த்து" என்றாராம் முதலாளி. டெம்போவில் வந்து எங்கள் லைன் வீட்டு வாசலில் இறங்கியது. பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு சாண் மேலே, குழந்தை தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அடியெல்லாம் கீறல்.

கன்னிமார் பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. சாயப்பட்டறைத் தொட்டிகளுக்கு ஃபைபர் ஒட்டும் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வருவதற்குள் நானே உருப்படியாக ஏதாவது செய்து வைக்கலாம் என்று, பழக்கதோஷம், போட்டில் தெரிந்த குறைக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தேன். கீறலுக்கு ஒன்று, சுரண்டலுக்கு ஒன்று, பெயின்ட் போன இடத்துக்கு ஒன்று. அம்மை போட்ட மாதிரி நின்றது போட்.

அவர் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங்கம்மா, போட்டையே ரிஜெக்ட் பண்ணீட்டீங்களாட்டம் இருக்குதுங்க?"

தனக்கு ஒரு தொட்டி வேலை பாதியில் நிற்கிறது, சொல்லித் தருகிறேன், நீங்களே ஒட்டிவிடலாம் என்றார். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃபைபர் மேட்டை வெட்டி வைத்து, ரெசின் பசையில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து பிரஷ்ஷால் பூசிப் பூசி ஊற வைக்க வேண்டும். "புரிஞ்சுதுங்களா?" என்றார். நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த மேட் வெள்ளையாக, மெத்தென்று, துணி மாதிரியே இருந்தது. துணி என்றால் எனக்குத் தெரியாதா? தண்ணீரில் போட்டுச் சுருக்கம் எடுக்காமல் வெட்டினால் பின்னால் அளவு குறையும். பனியனுக்கு உள்ள நியாயம் போட்டுக்கும் உண்டுதானே என்று அண்டாவில் தண்ணீர் பிடித்து மேட்டை முக்கினேன். முக்கியதோடு விட்டேனா, கொஞ்சம் சோப்புத்தூளும் போட்டுக் கசக்கினேன். கால் மணி நேரத்தில் அண்டாவில் மேட் இல்லை. பாயசத்துக்கு வேக வைத்த சேமியா மாதிரி இழை இழையாக மிதந்தது. அள்ளி அள்ளிக் கொடியில் போட்டேன், அத்தனையும் கண்ணாடி நார். முழங்கை வரை அரிப்பு. நாலு நாள் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு, கையை மடக்காமல் பொம்மை மாதிரி நடமாடினேன். என் வீட்டுக்காரர்தான் சோறு பிசைந்து வைத்தார். "அயர்ன் பண்ணலியா புள்ள?" என்று ஒரு கேள்வி வேறு.

இரண்டாவது மேட்டைத் துவைக்கவில்லை. ஆனால் ஓட்டை அளவுக்குச் சரியாக, ஒரு நூல் கூடாமல் வெட்டினேன். துணியை வீணாக்காமல் வெட்டுவதுதானே கெட்டிக்காரத்தனம். வைத்ததும் ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. ஒட்டுக்கு நாலு பக்கமும் ஒரு கை அகலம் கூட வேண்டுமாம். ஹார்ட்னரையும் கைக்கணக்கில், குழம்புக்குப் புளி கரைக்கிற மாதிரி, தாராளமாக விட்டேன். ரெசின் கலக்கிய மக் சுட்டது, புகைந்தது, பிரஷ் அதில் நட்ட கம்பாக நின்றுவிட்டது. மூன்றாம் மேட்டில்தான் ஒருவழியாக ஒட்டு நின்றது. ஓட்டைக்கு மேல் ஒரு வடை தட்டி வைத்த மாதிரி இருந்தது. கையால் தட்டினால் டொக்கென்றது. நான் செய்ததா என்று நாலைந்து தடவை தட்டிப் பார்த்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் குளத்தில் இறக்கினோம். நான் ஏறினேன், மிதந்தது. வீட்டுக்காரரும் ஏறினார், போட் அழுந்தி ஒட்டு தண்ணீருக்குள் போனது, ஓரத்தில் குமிழி விட்டுத் தண்ணீர் உள்ளே வந்தது. அவர் இறங்கினார், நின்றது. ஆக ஒரு ஆள்தான். அந்த ஆளும் நான்தான்.

பொங்கலன்று ஊரே கரையில் நின்றது. போட்டின் பின்னால் கிணற்றுக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து கட்டி ஒரு முனையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். நான் மூங்கில் கம்பால் ஊன்றிப் போக வேண்டும். முடிந்ததும் துண்டை ஆட்டினால் அவர் இழுப்பார். கனம் கூடாது என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். "இந்தத் தேங்கா ரெண்டுல ஒண்ணு போதும். இந்தப் பைய எடுத்தறட்டுமா?" என்றார். கரையில் அத்தனை பேர் பார்க்கிறார்களே. தலையாட்டினேன்.

"அக்கா, நீச்சல் தெரியுமுங்களா?" என்று கொழுந்தனார் சம்சாரம் கேட்டாள். நல்லவேளை, அதற்குள் போட் நகர்ந்துவிட்டது.

போட் நேராகப் போகவில்லை. வட்டம் அடித்து, பின்பக்கமாகத் திரும்பி, ஒரு தடவை கரைக்கே வந்து, மறுபடி போனது. கரையில் கைதட்டல். கணுக்கால் அளவு தண்ணீரோடு திட்டில் மோதி நின்றேன். விறகு நனைந்து போயிற்று. உட்கார மெத்தை மாதிரி போட்டிருந்த வேஸ்ட் துணி மூட்டையில் மேலாக இருந்தது மட்டும் நனையவில்லை. அதைக் கொளுத்தித்தான் அடுப்பு பற்றியது. பானை பொங்கிக் கிழக்கே வழிந்த பூரிப்பில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஏழு கல்லுக்கும் படைத்துக் கும்பிட்டேன். கரையிலிருப்பவர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். யாரும் பக்கத்தில் நின்று என்னைப் பார்க்காத விசேஷம் என் வாழ்நாளில் அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். கண் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

போதுமென்று தோன்றியபோது துண்டை ஆட்டினேன். கரை சேர்ந்ததும் கொழுந்தனார் சம்சாரம்தான் முதலில் ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். நின்றாள்.

"அக்கா, வெல்லம்?"

வீட்டுக்காரர் எடுத்து வைத்த பை அவர் காலடியிலேயே இருந்தது. வெல்லம், ஏலக்காய், நெய், எல்லாம் அதில்.

"இது பொங்கல்ல சேருமுங்களா? முறை ஆச்சுன்னு எப்படீங்க சொல்றது?" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெரியவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வாய் எடுத்துத் தின்றார். "அரிசி வெந்திருக்குது, பானை பொங்கியிருக்குது. சக்கரை வேணும்னு கன்னிமாரு வந்து உங்கிட்டச் சொன்னாங்களா? முறை ஆச்சு, எல்லாருக்கும் கொடுங்க" என்றார்.

அச்சு வெல்லத்தை அங்கேயே கல்லில் வைத்து உடைத்தோம். நான் வெறும் சோற்றை வைத்துக்கொண்டே போக, பின்னால் என் வீட்டுக்காரர் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்துக்கொண்டே வந்தார். ஊர் மொத்தமும் ஒரு வாய் சோறு, ஒரு கடி வெல்லம் என்று கடக் கடக்கென்று தின்றது. கொழுந்தனார் சம்சாரம் இரண்டாம் தடவையும் கை நீட்டினாள், வெல்லத்துக்கு மட்டும்.