பட்டுப்புடவை அம்மையார்

நாளை அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். பேனர் அடிக்க இன்று தம்பியோடு மதுராந்தகத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

அம்மா தனியாக நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நாற்றுப் பிடுங்கிவிட்டு வரப்பில் ஏறியபோது நான் எடுத்தது. தலையில் அப்பாவின் துண்டை முண்டாசாகக் கட்டியிருப்பாள். "சீக்கிரம் எடுடா, வேல கீது" என்று அதட்டுகிற முகம்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடைக்காரர் முண்டாசை அவிழ்த்து, பட்டுப்புடவை கட்டி, கல் அட்டிகை போட்டு, அம்மாவை வெளுப்பாக்கிச் சிரிக்கவும் வைத்துவிட்டார்.

"இன்னாங்க இது?"

"துண்டோட இருந்தா நல்லாவா இருக்கும் தலைவா? ஏஐல போட்டேன். எல்லாருக்கும் இப்டித்தான் பண்றோம்."

"எனக்குப் பழைய படமே போதும்."

தம்பி என் கையைப் பிடித்தான். "சம்மந்தி வூட்டுக்காரங்கள்லாம் வராங்க. சேத்தோட நிக்கிற படத்தப் போட்டு மானத்த வாங்காதண்ணா."

கத்திப் பார்த்தேன். அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

சாயங்காலம் தெருமுனையில் பேனரைக் கட்டினோம். அம்மாவோடு காலமெல்லாம் நடவு நட்ட பெண்கள் வேலை முடிந்து அந்த வழியாக வந்தார்கள். பேரைப் படிக்கவில்லை, முகத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயய்யோ, ஊர்ல இன்னொரு சாவா? யாரு வூட்டு அம்மாப்பா இது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பட்டுப்புடவை அம்மையாரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பாவம், அவர் வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.