அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை

கல்யாணத்துக்கு முன்பே நான் பிரசவம் பார்க்கத் தொடங்கிவிட்டேன். கண்டியில் மிஷன் வைத்தியசாலையில் கற்ற தொழில். காப்பித் தோட்டங்களில் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். 'இன்னார் மகளைக் கூட்டிட்டு வா' என்று ஆள் அனுப்புவார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் போய்ச் சேர்ந்திருந்தது அந்தப் பெயர்தான்.

தேவாலயப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அன்று அது போய், கணவரின் குடும்பப் பெயர் வந்தது. அவர் காப்பி ஸ்டோரில் கிளார்க்கு. தொழிலுக்கு மட்டும் பழைய பெயர் இருக்கட்டும் என்று அவரிடம் கேட்டேன். "அம்மா மனசு சங்கடப்படும். கொஞ்ச நாள் பொறு" என்றார். பொறுத்தேன். என்னைத் தேடி வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கல்யாணமாகிவிட்டதால் கூப்பிடத் தயங்குகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை சந்தையிலிருந்து திரும்பும்போது, தெருமுனையில் பாண் ரொட்டிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா என்னைக் கண்டு எழுந்து நின்றார்.

"தங்கச்சி, குண்டசாலைப் பக்கத் தோட்டத்துல இருந்து ஒரு மனுசன் ஒங்க வாப்பா பேரச் சொல்லித் தேடி வந்தாரே. நான்தான் ஊட்டக் காட்டிவிட்டேன். பொஞ்சாதிக்கு நேத்துல இருந்து வலியாம். ஆனா அழுதுகிட்டே தனியாத் திரும்பிப் போறாரே?"

வீட்டுக்கு ஓடினேன். மாமியார் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, யாராவது வந்தாங்களா?"

"வந்தான். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு சொன்னேன்."

"நான் இருக்கேனே!"

"நீ எங்க வீட்டுப் பேருக்கு வந்தவ. நான் சொன்னதுல என்ன பொய்?"

பதில் சொல்ல நேரமில்லை. அந்தத் தோட்டம் ஆற்றுக்கு அக்கரையில்; பையை எடுத்துக்கொண்டு தோணித்துறைக்கு ஓடினேன். கால் செருப்பு எங்கோ கழன்று போனது. துறையை அடைந்தபோது தோணி பாதி ஆற்றில் இருந்தது. தோளில் துண்டோடு ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவராகத்தான் இருக்க வேண்டும். கூப்பிட்டேன். மழையில் பெருகிய ஆற்றின் இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு அப்பாவின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்த மனிதர் திரும்பினார். தோணிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது கரையிலிருந்தே தெரிந்தது. தோணி திரும்பி வந்தது.

வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இல்லன்னாங்களேம்மா?"

"இருக்கேங்க. நடங்க."

குழந்தையின் கால்தான் முதலில் வந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு முக்கவும் பலமில்லை, உதடு வெளுத்திருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இருவரையும் இழந்திருப்போம். கடைசியில் தலையும் வெளியே வந்தபோது குழந்தை நீலம் பாரித்து அசையாமல் கிடந்தது. வாயைத் துடைத்து ஊதினேன். முதுகைத் தேய்த்தேன். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது, அப்புறம்தான் அழுகை. தாயும் கண் திறந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினேன். கணவர் ஸ்டோரிலிருந்து வந்திருந்தார். நடந்ததை மாமியார் முன்னாலேயே சொன்னேன். என் சேலையில் இரத்தக் கறை இன்னும் காயவில்லை.

"கோயில் பதிவேட்டுல உங்க பேரு. அதுல எனக்குக் குறையில்ல. ஆனா வலியில துடிக்கிறவங்களுக்கு என் புதுப் பேரு தெரியாது. அவங்க எந்தப் பேரச் சொல்லித் தேடுறாங்களோ, அந்தப் பேர்ல நான் இங்க இருக்கணும்."

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கணவர் அடுப்படி வாசல்வரை போனார். "முன்னாடியும் இப்படி யாராச்சும் வந்தாங்களாம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். பதில் வரவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னைக் குத்துகிறது. எத்தனை பேர் திரும்பிப் போனார்கள், அவர்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவே இல்லை.

அந்த வாரமே வாசலில் அப்பாவின் பெயரோடு ஒரு பலகை ஏறியது. கணவரே எழுதினார். மாமியார் அந்தப் பெயரை ஒருபோதும் தன் வாயால் சொன்னதில்லை. ஆனால் அதைச் சொல்லி யாராவது வந்து நின்றால், "உள்ளதான் இருக்கா, இருங்க" என்று குரல் கொடுப்பார்.