எண்ணிக்கை சரி, குழந்தை வேறு

பஸ்ஸில் எண்ணிக்கை சரியாக இருந்தது. குழந்தைதான் வேறு.

பனியன் கம்பெனியில் காலமெல்லாம் பேக்கிங் பார்த்தவன் நான். கார்ட்டனில் ஒரு பீஸ் குறைந்தால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாகச் சொல்வார்கள்.

1. முதலாளி கொடுத்த பொறுப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் எங்கள் கம்பெனி. கிறிஸ்துமஸுக்குப் போகவேண்டிய ஷிப்மென்ட் எல்லாம் போய்ச் சேர்ந்து, மார்கழிக் கடைசியில் மெஷின்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, ஓய்வு ஒழிச்சல் இல்லாம எல்லாருந் தெச்சுக் குடுத்திருக்காங்க. ஊட்டுப் புள்ளைகளையுங் கூட்டிட்டு ஒரு நா கோயமுத்தூர் போய்ட்டு வாங்க. காலைல மிருகக்காட்சிசாலை, சாயந்தரம் பொருட்காட்சி. நீ பொறுப்பெடுத்துக்க."

"நானுங்களாண்ணா?"

"நீதானப்பா எண்றதுல கெட்டிக்காரன். கூட்டத்துல புள்ளைக தொலைஞ்சறக் கூடாது பாரு."

அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குத் தலைகால் புரியவில்லை. குடோனில் ஒரு பழைய ஆர்டரில் மிஞ்சிய சர்ப்ளஸ் கிடந்தது. குழந்தைகளுக்கான ஸ்வெட் ஷர்ட், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம், தலையை மூட ஹூட், உள்ளே புசுபுசுவென்று ஃப்ளீஸ். எல்லாக் குழந்தைக்கும் இதை மாட்டிவிட்டால் எந்த மூலையில் நின்றாலும் தெரியும் என்று கணக்குப் போட்டேன். முதலாளி தலையை ஆட்டினார். எனக்கு அன்று இரண்டு கொம்பு முளைத்தது.

ஓவர்லாக் டெய்லர் சரோஜாக்கா தன் மகள் கௌசல்யாவுக்கு அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், பனி பேயற தேசத்துக்குத் தெச்சது. இதைப் போட்டா நம்ம புள்ளைக வெந்து போயிருமுங்களே?" என்றார்.

"மார்கழிக் குளிருங்கக்கா!" என்றேன், ஏதோ கோயமுத்தூரில் பனிக்கட்டி விழுவதுபோல.

2. வெயிலும் கும்மியும்

மிருகக்காட்சிசாலையில் பத்து மணிக்கே வெயில் பல்லைக் காட்டியது. குழந்தைகள் முகமெல்லாம் வேர்த்து ஒழுக, ஒவ்வொன்றாகக் கழற்றி என் தோளில் போட்டன. குரங்குக் கூண்டுக்கு முன்னால் நான் ஆரஞ்சுத் துணிமூட்டையாக நின்றேன். குரங்குகளைப் பார்க்க வந்தவர்கள் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயந்தரம் பொருட்காட்சியில் நிஜமாகவே குளிர் இறங்கியது. நடுக்கத்தோடு எல்லாக் குழந்தைகளும் ஸ்வெட் ஷர்ட்டை வாங்கிப் போட்டு, ஹூட்டையும் இழுத்து மூடிக்கொண்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களாக்கா?" என்று சரோஜாக்காவிடம் கேட்டும்விட்டேன்.

ராட்டினம், டெல்லி அப்பளம், பொம்மலாட்டம் என்று சுற்றினோம். அங்கே ஒரு மேடை இருந்தது, வந்த குடும்பங்கள் ஏறி ஆடலாம், பாடலாம். எங்கள் டெய்லர் பெண்கள் கும்மி அடிப்பதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். மேடை ஏறுமுன் சரோஜாக்கா கௌசல்யாவின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"சார், கௌசியப் பாத்துக்குங்க."

"நீங்க தைரியமாப் போங்கக்கா."

கும்மி பிரமாதம். சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. நானும் கைதட்ட வேண்டுமே, அதற்காகக் கையை விட்டேன். பிறகு ஆரஞ்சுத் தலைகளைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை குறையவே இல்லை. கும்மி முடிந்து குழந்தைகளை வரிசையாக பஸ்ஸில் ஏற்றினேன். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று ஸைஸ் வாரியாகக்கூடச் சரிபார்த்தேன். அப்படிப்பட்ட கெட்டிக்காரன்! கார்ட்டனுக்கு டேப் ஒட்டுகிற திருப்தியோடு பஸ் கதவைத் தட்டி, "ரைட், போலாம்" என்றேன்.

பஸ் நகருமுன் சரோஜாக்கா, பின் ஸீட்டில் ஏறியதுமே தூங்கிப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள ஹூட்டை விலக்கினார்.

"சார்! இது என்ற புள்ள இல்லீங்க!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். "நல்லாப் பாருங்கக்கா, எண்ணிக்கை கரெக்ட்டா இருக்குங்க" என்றேன். பெற்றவளிடம்!

3. மைக் அறை

தூங்கி விழித்த குழந்தையிடம், "கண்ணு, உங்கப்பா எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"பனியன் கம்பெனி" என்றது. திருப்பூரில் அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

அதைத் தூக்கிக்கொண்டு அறிவிப்பு செய்கிற மைக் அறைக்கு ஓடினோம். மைக் பிடித்தவர், "அடையாளம் சொல்லுங்க" என்றார்.

"ஆரஞ்சு கலருங்க. ஹூட் வெச்சது. முன்னாடி கங்காரு பாக்கெட். கையில ரிப். ஸைஸ் ஸ்மால்."

"துணிக்கில்லீங்க, புள்ளைக்குக் கேட்டேன்."

காலையிலிருந்து பத்து முறை தொட்டு எண்ணிய தலை. அந்தத் தலைக்குக் கீழே இருந்த முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. என்னை ஒதுக்கிவிட்டு சரோஜாக்கா பேசினார். "அஞ்சு வயசுங்க, முன்னாடி ரெண்டு பல்லு விழுந்திருக்கும், தாடையில தழும்பு, பேரு கௌசல்யா, கௌசின்னாத்தான் திரும்பும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க சார், நாள் முச்சூடும் கூடவே இருந்தீங்களே, என்ற புள்ள மூஞ்சிய ஒருக்காக்கூடப் பாக்கலீங்களா?" என்றார். அழுகையோடு கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அறிவிப்பு போனதும் ஜனங்கள் ஆரஞ்சுக் குழந்தைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒன்று, இன்னொன்று, அப்புறம் இரண்டு சேர்ந்து. ஒவ்வொரு முறையும் சரோஜாக்கா பாய்ந்து போய் ஹூட்டைத் தள்ளுவார். வேறு முகம் இருக்கும். எங்கள் கம்பெனிக் குழந்தைகள் எல்லாம் பஸ்ஸில் இருக்க, இத்தனை ஆரஞ்சு எங்கிருந்து வருகிறது? இந்தக் குழந்தை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்புவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் ஊர் ராயபுரத்துக் கம்பெனி சண்முகம் மூச்சிரைக்க வந்தான். என்னைப்போல அவனும் பேக்கிங் சூப்பர்வைசர். அவன் தோளில் கௌசல்யா, அவள் கையில் பாதி டெல்லி அப்பளம். சரோஜாக்கா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டது எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என் மூக்குக்கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை.

மண்டையில் அப்போதுதான் உறைத்தது. அந்த ஆர்டரை வெளிநாட்டுப் பையர் இரண்டாகப் பிரித்து, பாதி எங்களுக்கும் பாதி அவர்களுக்கும் கொடுத்திருந்தார். அவர்களிடமும் அதே சர்ப்ளஸ். அவர்களும் குடும்பத்தோடு அதே பொருட்காட்சிக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் ஏறியது அவர்கள் குழந்தை, அவர்கள் பஸ்ஸில் ஏறியது கௌசல்யா. என்னைப்போன்ற அறிவாளி அங்கேயும் ஒருவன் இருந்திருக்கிறான்.

"எங்க பஸ்ஸுலயும் எண்ணிக்கை கரெக்ட்டுங்க" என்றான் சண்முகம், பரிதாபமாக.

"நாங்கதான்னு எப்படிப்பா கண்டுபுடிச்ச?"

"எந்தக் கம்பெனி கண்ணுன்னா பனியன் கம்பெனிங்குது. யாரு கூட்டியாந்தாங்கன்னு கேட்டேன். கண்ணாடி மூக்குல நழுவிட்டே இருக்கும், காதுல பேனா சொருகியிருக்கும், எல்லாத்து மண்டையையும் தட்டித் தட்டி எண்ணீட்டே இருக்கும், அந்த மாமான்னுச்சு. வேற யாருங்க, நீங்கதான்."

சரோஜாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வயசுக் குழந்தை என்னை முழுசாகப் பார்த்து வைத்திருந்தது.

திங்கட்கிழமை சரோஜாக்கா கௌசல்யாவை நேராக பேக்கிங் ஹாலுக்குக் கூட்டிவந்து என் டேபிளுக்கு முன்னால் நிறுத்தினார். "இன்னிக்கு ஹூட் இல்லீங்க சார். நல்லாப் பாத்துக்குங்க" என்றார். ஹாலே சிரித்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். விழுந்த பல், தாடைத் தழும்பு, ஒரு காதில் மட்டும் கம்மல்.

கம்பெனியின் அடுத்தடுத்த சுற்றுலாக்களில் அவரவர் வீட்டு உடுப்பிலேயே குழந்தைகள் வந்தார்கள். பெயர் கேட்டு, முகம் பார்த்துத்தான் பஸ்ஸில் ஏற்றினேன். பெட்டிக்குள் போகிற துணிக்கு மட்டும்தான் எண்ணிக்கை போதும்.

அந்தத் திங்கட்கிழமை நான் பார்த்து முடிக்கும்வரை கௌசி அசையாமல் நின்றாள். அப்புறம் தலையை என் பக்கம் நீட்டினாள்.

"ஏன் மாமா, இன்னிக்கு என்னைய எண்ணலீங்களா?"