கையை விடாதவர்கள்

குமணன்சாவடி சந்திப்பிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அந்த நீச்சல் குளம் இருக்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பில் அங்கே சேர்ந்தாள். ரிலே போட்டிக்குப் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த ஆறு பெண்களில் அவளும் ஒருத்தி. என் மகள் உட்பட மூன்று பேர் ஐயப்பன்தாங்கல் அடுக்ககங்களிலிருந்து வருபவர்கள். மற்ற மூன்று பேர் திருநின்றவூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். ஏரியில் நீந்திப் பழகியவர்கள். ஆரம்பத்தில் இரு கூட்டமும் குளத்தின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தன.

"இன்னாடி, கண்ணுல கண்ணாடி, காதுல பஞ்சு, மூக்குல கிளிப்பு. நீந்த வந்துகீறியா, ஆப்பரேசனுக்கு வந்துகீறியா?" என்று திருநின்றவூர்ப் பெண்களில் உயரமானவள் என் மகளைக் கேட்டது, பெற்றோர் உட்காரும் படிக்கட்டு வரை கேட்டது. என் மகள் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டாள்.

இதற்குப் பயிற்சியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சி முடிந்ததும் ஆறு பேரும் மார்பளவு தண்ணீரில் வட்டமாகக் கைகோத்து நிற்க வேண்டும். விசில் ஊதியதும் சேர்ந்து மூழ்க வேண்டும். ஒருத்திக்கு மூச்சு முட்டினால் பக்கத்துக் கையை இழுக்கலாம். உடனே எல்லாரும் எழுந்துவிட வேண்டும்.

"முடியாதவங்களுக்காக மத்தவங்க எழுந்துக்கணும். அதான் டீம்," என்றார். எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. சாப்பாட்டு டப்பாக்கள் கை மாறின. அந்த உயரமான பெண் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். பயிற்சியாளர் மற்ற பெற்றோரைக் கூப்பிட்டு வட்டத்தைக் காட்டினார்.

வட்டம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. வீட்டில் மகள் குளிக்கும்போது திடீரென்று சத்தம் நின்றுவிடும். கதவைத் தட்டினால் சற்றுப் பொறுத்து, "இருக்கேன்பா" என்பாள். ஒருநாள் பைக்கில் வரும்போது கேட்டேன்.

"இப்பல்லாம் யாரும் கையை இழுக்கிறதில்லையா?"

"இழுத்தா அவளாலதான் எல்லாரும் எழுந்த மாதிரி ஆயிடும்பா. பாவம்ல?"

"முடியலன்னா என்ன பண்ணுவீங்க?"

"அவ கையை இறுக்கிப் பிடிச்சுப்போம்."

அதை ஓர் உதவியைப் போலச் சொன்னாள்.

சில நாள் கழித்து, தண்ணீர் லாரிக்காரரிடம் பேசப் பயிற்சியாளர் கேட் பக்கம் போயிருந்தார். விசில் இல்லாமலே ஆறு பேரும் மூழ்கினார்கள். குமிழிகள் வந்தன, பிறகு நின்றன. குளம் தரை போல ஆனது. நான் எழுந்து நின்றேன்.

ஐந்து தலைகள் சிரித்துக்கொண்டு மேலே வந்தன. ஆறாவது, இருபுறமும் கைகள் தூக்கியதால் வந்தது. முகம் கவிழ்ந்திருந்தது. என் மகள்.

நான் படியிறங்கி ஓடுவதற்குள் உயரமான பெண் தன் தோளால் அவள் முகத்தை நிமிர்த்தியிருந்தாள். மகள் இருமித் தண்ணீரைக் கக்கினாள். உதடு நீலமாக இருந்தது. அப்போதும் அவர்கள் கையை விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

பயிற்சியாளர் ஓடிவந்து கத்தினார். "கையை இழுத்தாளா இல்லையா? இழுத்தும் விடாம பிடிச்சது யாரு?"

"எல்லாரும்தான் சார்."

ஆறு குரல்கள். அதில் என் மகளுடையதும் இருந்தது. பயிற்சியாளர் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் அதையே கேட்டேன். "ஞாபகம் இல்லப்பா," என்றாள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் தடங்கள் இருந்தன. இனி நீச்சல் வேண்டாம் என்றேன்.

மறுநாள் மாலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஐந்து பேரும் நின்றார்கள்.

"அங்கிள், அவ வராம நாங்க தண்ணில எறங்க மாட்டோம். மாஸ்டராண்ட சொல்ட்டோம்," என்றாள் உயரமானவள்.

"அந்த வட்டம்?"

"மாஸ்டர் கூடாதுன்ட்டாரு அங்கிள்."

ஐந்து பேரும் மரியாதையாகச் சிரித்தார்கள். எனக்குப் பின்னாலிருந்து மகள் பையுடன் வந்தாள். நான் பையின் வாரைப் பிடித்தேன். பையை என்னிடமே விட்டுவிட்டு அவர்களோடு லிஃப்டுக்குள் போய் நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

அன்றிலிருந்து நான் படிக்கட்டில் உட்காருவதில்லை. தண்ணீர் ஓரத்தில் நிற்கிறேன். நான் பார்க்கும்போது அவர்கள் மூழ்குவதில்லை.