இரண்டாம் பக்கத்தில் இருந்த மகள்

தொண்ணூறுகளின் கடைசியில், மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் முதலாளி, நான், ஒரு ஃபோன் லைன், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்டர்நெட்டில் போடும் படங்களை இறக்கி, இணைப்பில்லாத வீடுகளுக்கு ஃபிளாப்பியில் கொண்டுபோய்க் காட்டுவதும் எங்கள் பிழைப்பில் ஒன்று. இறக்கும் புரோகிராமை எழுதியது நான். முறையாகப் படித்தவனில்லை, தட்டுத் தடுமாறிக் கற்றவன். அதனால் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்தின் முகவரியைக் கண்டுபிடிக்கும் வேலையை மட்டும், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த லைப்ரரியிடம், அதாவது ஆயத்த புரோகிராம் தொகுப்பிடம், ஒப்படைத்திருந்தேன்.

அப்படி நான் படம் கொண்டுபோன ஒரு வீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போக டிக்கெட் எடுத்த பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மைசூரிலேயே தங்கிவிட்டார். அங்கே பிரசவம் சிக்கலாகி ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஃபோனில் மகள் இரண்டே வார்த்தை பேசினாளாம், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. மாப்பிள்ளை மட்டும் “நல்லா இருக்கா, படம் போட்டிருக்கேன், பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஃபிளாப்பியைப் போட்டேன். முகப்புப் பக்கத்தில் குழந்தை தூங்கியது. ஆல்பத்தைத் திறந்தால் குழந்தை கொட்டாவி விட்டது, மறுபடி தூங்கியது.

“கொழந்தை இருக்குது. என்ற பொண்ணு எங்க கண்ணு?”

“ரெண்டாம் பக்கத்துல இருக்காங்கன்னு கீழ எழுதியிருக்கும்மா.”

‘அடுத்தது’ என்பதை அழுத்தினேன். முகப்புப் பக்கத்தின் தூங்கும் குழந்தையே திரும்ப வந்தது. மறுபடி உள்ளே போய் அழுத்தினேன். அதே குழந்தை.

“ஊரெல்லாம் சுத்தி நம்ம வாசல்லயே வந்து நிக்கறாப்ல இருக்குது” என்றார் அந்த அம்மா. பிறகு குரலை இறக்கி, “மறைக்கறாங்களா கண்ணு? உனக்குத் தெரிஞ்சா சொல்லிப்போடு. கால் ஒடைஞ்சவளாச்சேன்னு பாக்காதே.”

எனக்கு என்ன தெரியும்? சைக்கிளை மிதித்து ஆபீஸுக்கு வந்தேன். வெயில், ஆட்டோப் புகை, அலுப்பு. பிரவுசரில் நேராகப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் பக்கம் அங்கே சமர்த்தாகத் திறந்தது! படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. ஒரு ஜன்னல் திரை, கொஞ்சம் தலைமுடி, நெற்றி. அத்தோடு, இன்டர்நெட்டுக்கும் இருந்த அந்த ஒரே ஃபோன் லைன் செத்தது. ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை.

ஃபோன் கெட்டுப்போனதைச் சொல்லவும் ஃபோன்தானே வேண்டும்? முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டே, “ஹுச்சு பிடோவரெகூ மதுவெ இல்லா, மதுவெ ஆகோவரெகூ ஹுச்சு பிடல்லா” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு டெலிஃபோன் ஆபீஸுக்கு நடந்தார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இந்தக் கன்னடக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள்.

நெற்றியைப் பார்த்தேன் என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்ல முடியுமா? லைப்ரரியைத் திறந்து வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் அப்பா கொத்தனார். சுவர் கோணினால் முதலில் மட்டம் பார்க்கும் நூலைப் பார் என்பார். நான் அதுவரை என் சுவரையும் மாப்பிள்ளையின் சுவரையும்தான் சந்தேகப்பட்டிருந்தேன், லைப்ரரி என்கிற நூலை அல்ல.

எங்கள் தெருவில் யாரும் முழு விலாசம் சொல்வதில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டால், “இதே வீடு, மாடி” என்பார்கள். நாம் நிற்கும் இடத்தை வைத்துத்தான் அதற்கு அர்த்தம். மாப்பிள்ளை போட்டிருந்த சுட்டியும் அப்படித்தான்: ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் பக்கத்தின் எண். இதே ஆல்பம், இரண்டாம் பக்கம் என்று பொருள். லைப்ரரியோ ஆல்பத்தின் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தெருமுனைக்குப் போய் மாடி எங்கே என்று கேட்டது. தெருமுனையில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தானே வருவார்கள்? முகப்புப் பக்கத்துக் குழந்தை வந்தது.

கேள்விக்குறியில் தொடங்கினால் பக்கத்தின் பெயரை விடாதே என்று இரண்டு வரி சேர்த்தேன். பின்னால் லைப்ரரிக்காரருக்கு மெயில் எழுதினேன். விதியை அப்படியும் படிக்கலாம், இப்படியும் படிக்கலாம் என்று பணிவாகப் பதில் வந்தது. அவர் புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் அதே இரண்டு வரியை நானே திரும்பச் சேர்த்தேன். கோபம்கூட வரவில்லை. முடி வளர்ந்தால் வெட்டுகிறோம், அந்த மாதிரி.

மறுநாள் மதியம்தான் லைனுக்கு உயிர் வந்தது. இறக்கிக்கொண்டு ஓடினேன்.

இந்த முறை ‘அடுத்தது’ சரியாகப் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலையணையில் சாய்ந்து மகள். கன்னம் ஒட்டியிருந்தது, கையில் ஊசிக் குழாய். கேமராவைப் பார்த்து, எடுத்தது போதும் என்கிற முகம்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பாரு, எப்படி மொறைக்கறான்னு. சிரிச்சிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் கண்ணு. இந்த மூஞ்சின்னா என்ற பொண்ணு நல்லாத்தான் இருக்கறா.”

“மூணாம் பக்கமும் இருக்குங்கம்மா.”

“இருக்கட்டும், எங்க போயிரப்போகுது” என்றவர், அப்போதுதான் என்னைப் பார்த்தார். “நீயென்னடா, அவளுக்கு மேல வாடிக் கெடக்கறே. அடுப்பாங்கரையில பொடியும் பாலும் இருக்குது, போய்க் காப்பி போடு. எனக்கும் ஒரு டம்ளர். சக்கரை தூக்கலா.”

போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.