காற்றாலைக்கு எதிராக ஒரு கையெழுத்து

நான் வேலை பார்த்த வடமதுரை நூற்பாலையில் அவர்தான் சங்கச் செயலாளர். ஒல்லியான மனிதர். யார் பேசினாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார். மின்வெட்டால் எங்களுக்குப் பாதி நாள் வேலையில்லை. அதனால் நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஆலை காற்றாலை வைப்பதை மேடையேறி ஆதரித்தார்.

அங்கே ஆடு மேய்ப்பவர்கள் ஒருநாள் மனுவோடு வந்தார்கள். அவர்களும் அவர் கட்சிதான்.

"காத்தாடி வந்துட்டா ஆடெல்லாம் எங்கீங்க தோழர் மேயும்?"

மனுவை வாங்கி, காற்றாலையை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார். அதற்காகச் சங்கம் அவரை நீக்கியபோது, நீக்கச் சொல்லி நானும் கை தூக்கினேன்.

காற்றாலை வந்தது. சில வருடம் கழித்துத் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன்.

"மேடையில பேசுனதா, கையெழுத்துப் போட்டதா, எதுண்ணே சரி?"

"தெரியலப்பா. ஆட்டுக்காரங்க ஆட்டை வித்துட்டாங்க. அவங்க பொண்ணுகதான் இப்ப நம்ம மில்லுல வேலை பாக்குதுக. காண்ட்ராக்ட்டுங்கிறதால அதுகளுக்குச் சங்கமும் கிடையாது."

இதற்கு, அன்று கை தூக்கியதற்காக அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.